பட்டு நகரில் பட்டை மறுத்த துறவி

தை பிறந்துவிட்டால் காஞ்சிபுரம் காந்தி சாலையில் நடக்க இடமிருக்காது. திருமணத்துக்குப் பட்டெடுக்க வரும் குடும்பங்கள் வேன்களிலும் கார்களிலும் வந்து இறங்கியவண்ணம் இருக்கும். கூறைப் புடவையும் சம்பந்திகளுக்கான புடவைகளும் எடுத்து முடித்ததும் பலர் காமாட்சியம்மனைத் தரிசிக்கச் செல்வார்கள். அப்படியே சாலைத் தெருவில் உள்ள சங்கர மடத்துக்கும் போவார்கள். அங்கேதான் காஞ்சிப் பெரியவர் என்று மக்கள் அழைக்கும் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளின் அதிஷ்டானம் இருக்கிறது. புதுப் புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அதன்முன் கண்மூடி அமர்ந்திருக்கும் பெண்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்தத் துறவி தம் வாழ்நாளில் மக்களிடம் விடுத்த வேண்டுகோள்களுள் ஒன்று, பட்டு உடுத்த வேண்டாம் என்பது. பட்டுக்குப் பெயர்பெற்ற நகரில் மடம் கொண்டிருந்த ஒருவர், பட்டைக் கைவிடும்படி கேட்டுக்கொண்டார். நகரம் அவரை வணங்கியது. அந்தச் சொல்லை மட்டும் ஓரமாக வைத்துவிட்டது.

நான் அவருடைய சீடன் அல்லன். மடத்தோடு தொடர்புடைய குடும்பமும் எங்களுடையது அன்று. பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்து, கல்லூரியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அவருடைய அந்த ஒரு வேண்டுகோள் ஐம்பது ஆண்டுகளாக என் மனத்தில் தீராத கணக்காக இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

விழுப்புரத்தில் 1894 மே 20 அன்று அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சுவாமிநாதன். தந்தை சுப்பிரமணிய சாஸ்திரி கல்வித் துறை அலுவலர். கன்னடம் பேசும் ஸ்மார்த்தக் குடும்பம். தந்தையின் பணியிட மாற்றங்களால் ஊர் ஊராகச் சென்ற சிறுவன், திண்டிவனத்தில் ஆற்காடு அமெரிக்க மிஷன் பள்ளியில் சேர்ந்தான். கிறிஸ்தவப் பாதிரிமார் நடத்திய அந்தப் பள்ளியில் அவன் விவிலியத்தையும் படித்தான். ஷேக்ஸ்பியரின் ஜான் மன்னன் நாடகத்தில் இளவரசன் ஆர்தராக வேடமிட்டுப் பாராட்டுப் பெற்றான். அந்தச் சிறுவனைப் பார்த்தவர்கள், வளர்ந்து ஓர் அரசு அதிகாரியாவான் என்றே எண்ணியிருப்பார்கள்.

1907 பிப்ரவரியில் எல்லாம் மாறிற்று. காமகோடி பீடத்தின் 66ஆம் ஆசாரியர், ஆற்காடு பகுதியில் உள்ள கலவையில் முகாமிட்டிருந்தபோது காலமானார். அவருக்குப்பின் பட்டத்துக்கு வந்தவர் சுவாமிநாதனின் பெரியம்மா மகன். அந்த இளைஞரும் நோயுற்று எட்டே நாள்களில் மறைந்தார். செய்தியறிந்த சுவாமிநாதனின் தாயார், தமக்கைக்கு ஆறுதல் சொல்லப் பிள்ளைகளோடு புறப்பட்டார். காஞ்சிபுரம்வரை வந்ததும், மடத்து வண்டி ஒன்று சிறுவனை மட்டும் ஏற்றிக்கொண்டு கலவைக்கு விரைந்தது. அடுத்த பீடாதிபதி அவன்தான் என்பது வண்டி போகும் வழியில்தான் அவனுக்குச் சொல்லப்பட்டது. தமக்கைக்கு ஆறுதல் சொல்ல வந்த தாய்க்கு, தமக்கே ஆறுதல் தேவைப்படும் நிலை வந்தது. பிற்காலத்தில் அவர் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் இந்த நிகழ்ச்சியை மிகை எதுவுமின்றி நினைவுகூர்ந்திருக்கிறார்.

1907 பிப்ரவரி 13 அன்று பதின்மூன்று வயதுகூட நிறையாத அந்தச் சிறுவன், மடத்தின் மரபுக் கணக்கில் 68ஆம் ஆசாரியன் ஆனான். வீடு, பள்ளி, தாய், தந்தை எல்லாம் ஒரே பயணத்தில் விடுபட்டன. அந்த வயதில் எடுக்கப்பட்ட முடிவு அவனுடையது அன்று. ஆனால் அதன்பின் எண்பத்தேழு ஆண்டுகள் அதற்கு உண்மையாக இருந்தது அவருடைய முடிவு. அவரோடு உடன்படாதவர்களும் இதை மறுப்பதற்கில்லை.

அக்காலத்தில் மடம் கும்பகோணத்தில் இயங்கியது. இளம் துறவியின் படிப்பு முதலில் அங்கும், பிறகு 1911 முதல் 1914 வரை காவிரிக் கரையில் உள்ள மகேந்திரமங்கலத்திலும் நடந்தது. வேதாந்தம், தர்க்கம், மீமாம்சை ஆகியவற்றோடு கல்வெட்டு, சிற்பம், இசை, வானியல் ஆகியவற்றிலும் அவருக்கு ஆழ்ந்த நாட்டம் ஏற்பட்டது. பிற்காலத்தில் ஆய்வாளர்களும் சிற்பிகளும் அவரைத் தேடி வந்தமைக்கு இந்த இளமைக் கல்வியே அடிப்படை. 1962இல் அவர் தொடங்கிவைத்த ஆகம சிற்ப சதஸ், நாட்டுக் கலைகளையும் கோயிற் கலைகளையும் ஒரே மேடையில் அமர்த்தியது.

1919இல் அவர் நெடும் யாத்திரை ஒன்றைத் தொடங்கினார். தமிழகம், கேரளம், ஆந்திரம் எனச் சுற்றி, 1934இல் காசியை அடைந்து, 1939இல்தான் கும்பகோணம் திரும்பினார். இருபது ஆண்டுகள் சாலையோரக் கிராமங்களில் தங்கி, அங்குள்ள மக்கள் என்ன உண்கிறார்கள், என்ன உடுத்துகிறார்கள், எதற்குக் கடன் வாங்குகிறார்கள் என்பதை நேரில் கண்ட ஒருவர், பொருளாதாரத்தைப் பற்றி எதுவும் அறியாதவராக இருந்திருக்க முடியாது. எங்கள் துறையில் கள ஆய்வு என்று சொல்வதை அவர் வேறொரு நோக்கத்துக்காகச் செய்துகொண்டிருந்தார் என்பது என் துணிபு.

அந்த யாத்திரையின்போதுதான், 1927 அக்டோபரில், பாலக்காட்டை அடுத்த நெல்லிச்சேரியில் காந்தியடிகள் அவரைச் சந்தித்தார். மாட்டுக் கொட்டகை ஒன்றில் இருவரும் எதிரெதிரே அமர்ந்தார்கள். ஒருவர் சமஸ்கிருதத்தில் பேசினார். மற்றவர் இந்தியில் பேசினார். உடன் வந்திருந்த ராஜாஜி வெளியே காத்திருந்தார். சந்திப்பு நெடுநேரம் நீடித்தது. செய்தியாளர் எவரும் உள்ளே இல்லை. கதரிலும் எளிய வாழ்விலும் இருவருக்கும் ஒற்றுமை இருந்தது. காந்தியின் இயக்கம் வலுப்பெற்ற காலத்திலிருந்து பெரியவர் கதராடையே அணிந்தார். தீண்டாமை ஒழிப்பிலும் கோயில் நுழைவிலும் இருவரும் வேறுவேறு கரையில் நின்றார்கள். இந்த வேற்றுமைக்குப் பின்னர் வருகிறேன்.

1931ஐ ஒட்டிய ஆண்டுகளில் பால் பிரண்டன் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் செங்கல்பட்டில் அவரைக் கண்டார். தமக்கு ஒரு குரு வேண்டும் என்று வந்தவரைப் பெரியவர் திருவண்ணாமலைக்குச் செல்லும்படி வழிகாட்டினார். ரமண மகரிஷியை மேலை உலகம் அறிந்துகொள்ள அந்தப் பயணம் ஒரு காரணமாயிற்று. தம்மைத் தேடி வந்த ஒருவரை இன்னொருவரிடம் அனுப்பும் மனம், நிறுவனத் தலைவர்களிடம் அரிதாகவே காணப்படுவது.

மார்கழியில் திருப்பாவையும் திருவெம்பாவையும் தமிழகமெங்கும் ஒன்றாக ஒலிக்க வேண்டும் என்று அவர் முனைந்து மாநாடுகள் கூட்டச் செய்தார். சைவமும் வைணவமும் தனித்தனியே நின்ற இடங்களில் அது ஒரு பாலமாக அமைந்தது. 1966இல் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐக்கிய நாடுகள் சபையில் பாடுவதற்காக, போரும் பகையும் விலக வேண்டும் என்ற கருத்தில் ஒரு சிறு சமஸ்கிருதப் பாடலை இயற்றிக் கொடுத்தார். பல ஆண்டுகள் அவர் ஆற்றிய உரைகளை எழுத்தாளர் ரா. கணபதி தொகுத்துத் தெய்வத்தின் குரல் என்ற பெயரில் ஏழு பகுதிகளாக அளித்தார். அத்வைதத்தின் நுட்பங்களைச் சமையலறை உவமையாலும் தெருக்காட்சியாலும் விளக்கும் அந்தத் தமிழ் தனித்து ஆராயத்தக்கது.

அந்த நூலில் என்னைப் போன்ற ஒருவனை நிறுத்தி வைப்பவை வேதாந்தப் பகுதிகள் அல்ல. செலவு, சேமிப்பு, பிறருக்குக் கொடுத்தல் ஆகியவை பற்றிய பக்கங்களே. அவற்றுள் ஒன்று பிடி அரிசித் திட்டம். ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் உலை வைக்கும்முன் ஒரு பிடி அரிசியும் ஒரு சிறு காசும் எடுத்துவைக்க வேண்டும். தெருவில் உள்ளவர்கள் அதைத் திரட்டி, அருகில் உள்ள கோயிலில் சமைத்து நிவேதனம் செய்து, இல்லாதவர்களுக்கு வழங்க வேண்டும். காசு எதற்கென்றால், சமைக்கும் செலவுக்கு. பெருஞ்செல்வர் ஒருவரின் நன்கொடையை எதிர்பார்க்காமல், ஏழை வீடும் கொடுக்கும் வீடாக மாறும் ஏற்பாடு இது. கொடுப்பவருக்குச் சுமை தெரியாத அளவில் பங்கைச் சிறிதாக்கி, பங்கேற்பவர் எண்ணிக்கையைப் பெரிதாக்குவது நல்ல நிதித் திட்டத்தின் இலக்கணம். கேட்பாரற்று இறந்தவர்களின் உடலுக்கு உரிய இறுதிச் சடங்கு செய்ய வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

கொடுப்பதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற வினாவுக்கு அவர் தந்த விடையில்தான் பட்டு வருகிறது. காப்பியையும் பட்டையும் விட்டாலே நடுத்தரக் குடும்பம் ஒன்றின் செலவு கணிசமாகக் குறையும். மிஞ்சுவதைக் கொண்டு ஏழைப் பெண்ணொருத்தியின் திருமணத்துக்கு உதவலாம் என்பது அவர் வாதம். வரதட்சணை, பட்டு, திருமண ஆடம்பரம் மூன்றையும் அவர் ஒரே தட்டில் வைத்துக் கண்டித்தார். வசதியுள்ளவர்கள் உடுத்துவதைப் பார்த்து வசதியற்றவர்களும் ஏங்கிக் கடன்படுகிறார்கள். ஆகவே பணக்காரர்கள் எளிமையாக இருப்பது அவர்களுடைய சமூகக் கடமை என்றார். தார்ஸ்டீன் வெப்லென் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், பிறர் காணச் செலவழிப்பது பற்றி 1899இல் ஒரு நூல் எழுதினார். அதை நான் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறேன். அதே கருத்தை ஒரு துறவி கல்யாண வீட்டை உதாரணமாக வைத்துச் சொல்லியிருப்பதை நடுவயதில்தான் படித்தேன்.

பட்டுக்கு எதிரான அவருடைய இன்னொரு காரணம் உயிர்க்கொலை. பட்டுப்புழு தன்னைச் சுற்றித் தானே நூற்றுக் கூடு கட்டுகிறது. அது அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வெளியேறினால் நூல் அறுந்துவிடும். ஆகவே அது வெளிவருவதற்கு முன்பே நீராவியிலோ வெப்பத்திலோ கொல்லப்படுகிறது. பிறகு கூட்டை வெந்நீரில் இட்டு, அறாத நூலாக இழுக்கிறார்கள். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஏறத்தாழ 6 முதல் 8 கிலோ கூடுகள் வேண்டும். ஒரு புடவைக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான உயிர்கள் இருக்கின்றன. மடி என்றும் தூய்மை என்றும் கருதிப் பூசையறையில் உடுத்தும் துணி இது என்பதே அவரை உறுத்தியிருக்க வேண்டும். சடங்கில் தூய்மையானது அறத்திலும் தூய்மையானதா என்று சடங்குகளின் காவலரே கேட்டார்.

எங்கள் வீட்டுக்கு இந்தச் செய்தி எப்படி வந்தது என்பது எனக்கு நினைவில்லை. அதைப் பற்றிய பேச்சு மட்டும் நினைவிருக்கிறது. என் தந்தை கூலி நெசவாளர். நூலும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார். புடவைக்கு இவ்வளவு என்று கூலி. முன்பணம் வாங்கியிருந்ததால் வேறு இடத்துக்குத் தறி போட முடியாது. காஞ்சிப் பட்டின் சிறப்பே கோர்வை. உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, ஒவ்வோர் இழையிலும் இரண்டையும் பிணைப்பது. அதற்கு நெசவாளர் ஒருவர் போதாது. பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவை எறிய ஒரு துணை வேண்டும். எங்கள் குழித்தறியில் அந்தத் துணை, எட்டு வயதிலிருந்து நான். விடியலில் இரண்டு மணி நேரம், பள்ளி விட்டு வந்து விளக்கு வைக்கும்வரை. தந்தைக்கு வந்த கூலியில் என் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

அமாவாசையன்று எங்கள் வீட்டில் தறி ஓடாது. 1970களில் பெரியவர் மடத்தின் அன்றாடப் பொறுப்புகளிலிருந்து விலகி, ஊருக்கு வெளியே தேனம்பாக்கத்தில் சிவாஸ்தானக் கோயிலை ஒட்டிய ஒரு சிறு குடிலில் தனித்திருந்தார். பார்க்க வருபவர்கள் கிணற்றுக்கு இந்தப் பக்கம் நிற்பார்கள். அவர் அந்தப் பக்கம் தோன்றுவார். ஓர் அமாவாசையில் தந்தை என்னையும் அழைத்துக்கொண்டு நடந்தே சென்றார். மெலிந்த உருவம், காவி படிந்த கதர், கையில் தண்டம். கூட்டத்தோடு கூட்டமாகக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். எங்களிடம் அவர் எதுவும் பேசவில்லை.

திரும்பும் வழியில், பட்டு வேண்டாம் என்று சொல்பவரை நாம் ஏன் கும்பிட வேண்டும் என்று தந்தையிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. வாங்குகிறவர்களிடம்தான் பெரியவர் பேசுகிறார், நம்மிடம் பேசவில்லை என்றார். நெய்கிறவனிடம் நெய்யாதே என்று சொல்ல வேண்டுமானால், அதற்குமுன் வேறு நூலைக் கையில் கொடுக்க வேண்டும்; அது அவருக்குத் தெரியும் என்றார். மறுநாள் விடியலில் இருவரும் தறிக்குழியில் இறங்கினோம்.

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு காஞ்சிபுரம் நெசவாளர்களின் கூலியும் கடனும். நூல் விலை, ஜரிகை விலை, கூலி, வட்டி, முதலாளியின் இலாபம் என்று பத்திகளாகப் பிரித்து அட்டவணைகள் போட்டேன். எழுதி முடித்தபின் ஒரு நாள் அந்த அட்டவணைகளைப் பார்த்தபோது இரண்டு இடங்கள் வெற்றாக இருப்பது தெரிந்தது. புழுவுக்குப் பத்தி இல்லை. கரை நாடா எறிந்த பிள்ளைக்கும் பத்தி இல்லை. விலைக்குள் வராத இழப்பு என்பது எங்கள் துறைக்குப் புதிதன்று. அதை என் வீட்டுக்குள்ளேயே காணத் தவறியிருந்தேன். பின்னாளில், 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற பன்னாட்டு அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறார்கள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றபோது, இந்த ஊரில் எவரும் வியப்படைந்ததாகக் காட்டிக்கொள்ள முடியவில்லை.

இனி, பொருளியல் எழுப்பும் மறுப்பைப் பார்ப்போம். 1714இல் பெர்னார்ட் மாண்டவில் தேனீக்களின் கதை என்ற நூலை வெளியிட்டார். ஆடம்பரமும் தற்பெருமையும் நிறைந்த தேன்கூடு செழித்திருந்தது. தேனீக்கள் திடீரென்று எளிமைக்கும் நேர்மைக்கும் மாறியதும் வேலையில்லாமல் கூடு பாழாயிற்று என்பது கதை. 1936இல் கெய்ன்ஸ் தம் புகழ்பெற்ற நூலில் அதை எடுத்தாண்டார். எல்லோரும் சிக்கனமாக இருந்தால் எல்லோருக்கும் வருவாய் குறையும் என்பது இவ்வாதத்தின் சாரம். பெரியவரின் சொல்லைத் தமிழகம் அப்படியே ஏற்றிருந்தால், பிள்ளையார்பாளையத்தில் எத்தனை அடுப்புகள் அணைந்திருக்கும்?

இந்த மறுப்பு வலுவானது. ஆனால் முழுமையானது அன்று. அவர் பணத்தைப் பெட்டியில் பூட்டிவைக்கச் சொல்லவில்லை, கொடுக்கச் சொன்னார். பட்டுக்குப் போகாத ரூபாய் அரிசிக்கும், பருத்திக்கும், ஏழை வீட்டுத் திருமணத்துக்கும் போகும். மொத்தத் தேவை குறையாது, இடம் மாறும். தமிழகம் தந்த பொருளியல் சிந்தனையாளர் ஜே.சி. குமரப்பாவும், ஒரு பொருளை வாங்குகிறவர் அது உண்டான விதத்துக்கும் பொறுப்பாளியே என்று வாதிட்டவர். அவ்வகையில் பெரியவரின் வேண்டுகோள் பொருளியலுக்குப் புறம்பானதன்று.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பணம் ஒரே நாளில் பட்டிலிருந்து பருத்திக்கு மாறும். கோர்வை போடும் கை அப்படி மாறாது. இருபது ஆண்டுகளில் கற்ற திறமைக்கு மாற்று விலை கிடையாது. வாங்குபவரின் மனமாற்றத்துக்கான செலவை நெய்பவர் ஏற்க வேண்டியிருக்கும். இந்த இடைக்காலத்துக்கு ஓர் ஏற்பாட்டை, பிடி அரிசிக்கு வகுத்ததைப்போல நுணுக்கமாக வகுத்திருக்க வேண்டும். அவருடைய உரைகளில் நான் படித்தவரை அப்படி ஒன்றைக் காணவில்லை. வேறு நூலைக் கையில் கொடுக்க வேண்டும் என்று என் தந்தை சொன்னது அதைத்தான்.

இங்கே இன்னொரு உண்மையையும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை நேர்மையானதாகாது. பெரியவர் வருண தருமத்தைத் தம் உரைகளில் உறுதியாக ஆதரித்தவர். தம் குலத்தொழிலைக் கைவிட்டு நகர வேலைகளுக்கு ஓடியதற்காகப் பிராமணர்களையே கடுமையாகச் சாடினார். தம்மவரை முதலில் கண்டிக்கும் அந்த நேர்மை மதிக்கத்தக்கது. ஆனால் பிறப்பால் தொழிலும் தகுதியும் அமையும் ஓர் ஒழுங்கு, கோயில் வாயிலில் நிறுத்தப்பட்டவருக்கு என்னவாக இருந்தது என்ற கேள்விக்கு அந்த உரைகளில் நிறைவான விடையில்லை. புழுவின் துன்பத்தைக் கண்ட கண், அதே கூர்மையோடு இங்கே திரும்பவில்லை என்பது என் வருத்தம். தறிக்குழியில் பிறந்தவன் தறிக்குழியிலேயே இருக்க வேண்டும் என்ற விதி நீடித்திருந்தால், நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க முடியாது.

அவர் பட்டமேற்ற அதே 1907இல் வார்சா நகரில் பிறந்த ஒருவரை இவ்விடத்தில் நினைக்கிறேன். ஆபிரகாம் ஜோசுவா ஹெஷல் என்ற யூத மத குரு, தத்துவ அறிஞர். பரம்பரையாக யூத ஞானியரைத் தந்த குடும்பத்தில் வளர்ந்து, பெர்லினில் முனைவர் பட்டம் பெற்று, நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சென்றவர். தாயையும் உடன்பிறந்த சகோதரிகளுள் மூவரையும் அந்தக் கொடுமைக்குப் பறிகொடுத்தவர். வாரத்தில் ஒரு நாள் வாங்குவதும் விற்பதும் உழைப்பதும் நின்றுபோகும் ஓய்வுநாள் பற்றி 1951இல் ஒரு சிறு நூல் எழுதினார். சந்தைக்கு ஓர் எல்லை உண்டு என்று மரபின் உள்ளிருந்தே சொன்னதில் அவரும் காஞ்சிப் பெரியவரும் உறவினர்கள். ஆனால் ஹெஷல் 1965 மார்ச்சில் செல்மா நகரில் மார்ட்டின் லூதர் கிங்கோடு கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக நடந்தார். பழைய தீர்க்கதரிசிகளின் சினத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். மரபில் ஆழ வேரூன்றிய ஒருவர் மரபின் பெயராலேயே சமத்துவத்துக்கு நடக்க முடியும் என்பதற்கு அவர் சான்று. இரண்டு துறவுள்ளங்களையும் அருகருகே வைக்கும்போது, நம்மவரின் உயரமும் எல்லையும் ஒருங்கே தெரிகின்றன.

1978இல், எண்பத்து நான்காம் வயதில், பெரியவர் மீண்டும் கால்நடையாகப் புறப்பட்டார். கர்நாடகம், மகாராஷ்டிரம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களில் சில ஆண்டுகள் நடந்து காஞ்சிக்குத் திரும்பினார். நூறாம் வயதில் அவருக்குக் கனகாபிஷேகம் நடந்தது. 1994 ஜனவரி 8 அன்று காஞ்சியில் அவர் மறைந்தார். அந்த நாளில் பிள்ளையார்பாளையத்தில் தறிகள் ஓடவில்லை. என் தந்தை வரிசையில் பல மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

அவருடைய வேண்டுகோளுக்கு விடைதேட முயன்றவர்களும் உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த குசுமா ராஜையா, கைத்தறிக் கூட்டுறவுத் துறையில் பணியாற்றியவர். அந்துப்பூச்சி வெளியேறிய பிறகு எஞ்சும் கூட்டிலிருந்து நூல் நூற்று அகிம்சைப் பட்டு நெய்தார். குடியரசுத் தலைவராயிருந்த ஆர். வெங்கட்ராமனின் துணைவியார், புழுவைக் கொல்லாத பட்டு உண்டா என்று கேட்டதே தம் முயற்சிக்குத் தூண்டுதல் என்று அவர் கூறியிருக்கிறார். அந்தப் பட்டில் பளபளப்பு குறைவு, விலை கூடுதல். சந்தையில் அது ஒரு மூலையைத் தாண்டவில்லை.

காஞ்சியில் நடந்தது வேறு. 2005இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கடைகள் பெருகின. தறிகள் குறைந்தன. எங்கள் தெருவில் நான் சிறுவனாக இருந்தபோது வீட்டுக்கு வீடு கேட்ட தறிச் சத்தம் இன்று இரண்டு வீடுகளில் மட்டும் கேட்கிறது. பிள்ளைகள் ஶ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குப் பேருந்தில் போகிறார்கள். அவர்கள் பட்டை விட்டது துறவியின் சொல்லைக் கேட்டு அன்று, கூலி போதாததால். வாங்குபவரின் மனச்சான்று செய்யாததை நெய்பவரின் வறுமை செய்துகொண்டிருக்கிறது. புடவையின் விலை ஏறியபோதெல்லாம் அதில் நெய்தவரின் பங்கு எவ்வளவு என்று கேட்டிருந்தால் இந்நிலை வந்திராது.

என் மகளின் திருமணத்தின்போது இந்தக் கணக்கு என் வீட்டு வாசலுக்கே வந்தது. பட்டே வேண்டாம் என்று நான் தொடங்கினேன். என் தாயார் அழுதார். எழுபத்தைந்து வயதான தந்தை ஒன்றும் சொல்லாமல், வீட்டின் பின்கட்டில் துணி போர்த்திக் கிடந்த தறியைத் துடைத்தார். பேத்தியின் கூறைப் புடவையை அவரே நெய்தார். கரை நாடாவை எறிய ஐம்பது வயதை நெருங்கிய நான் மாலைதோறும் பக்கத்தில் அமர்ந்தேன். அந்த ஒரு புடவைதான். மற்றவர்களுக்கெல்லாம் பருத்திதான் எடுத்தோம். மிஞ்சிய பணத்தில் தெருவில் ஒரு பெண்ணின் திருமணத்துக்கு உதவினோம். பெரியவரின் சொல்லைப் பாதி கேட்டேன், பாதி மீறினேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மீறிய பாதிக்கு இன்றும் என்னிடம் சமாதானம் இல்லை.

காந்தி சாலைக் கடைகள் பலவற்றில் கல்லாப் பெட்டிக்கு மேலே அவருடைய படம் மாலையோடு தொங்குகிறது. வாங்குபவர்கள் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். படத்தில் இருப்பவர் என்ன கேட்டார் என்பதை அறிந்து, ஏற்கவோ மறுக்கவோ காரணம் சொல்வதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று நான் நினைக்கிறேன். அடுத்த முறை அங்கே புடவை எடுப்பவர்கள், விலையை விசாரித்தபின் இன்னும் இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பார்க்கலாம். இதை நெய்தவருக்கு எவ்வளவு கூலி கிடைத்தது? அவர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா எறிந்தது யார்?